மேடு பள்ளம் அளந்த வரலாறு



நிலத்தை அளக்கும் தொழில் மிகப் பழையது. வேலி எத்தனை, குழி எத்தனை என்று கணக்கிட்டு வரி தண்டிய அரசுகள் நம் நாட்டிலும் இருந்தன. பிற நாடுகளிலும் இருந்தன. ஆனால் அக்கணக்குகள் பெரும்பாலும் நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் பற்றியனவே. நிலத்துக்கு மூன்றாவது அளவு ஒன்று உண்டு, அதுவே உயரம். ஒரு வயலின் பரப்பை அறிவதற்கு நான்கு மூலைக் கற்கள் போதும். ஒரு குன்றின் வடிவத்தை அறிவதற்கு எத்தனை கற்கள் வேண்டும்? இந்த வினாவுக்கு விடை தேடி மனிதர் நடந்து வந்த வழியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இன்று கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர், களத்தில் எடுத்த சில நூறு புள்ளிகளின் அளவுகளைக் கணிப்பொறியில் புகுத்துகிறார். கண் இமைக்கும் நேரத்தில் திரையில் மேடும் பள்ளமும் சரிவும் உருப்பெறுகின்றன. சமஉயரக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. எவ்வளவு மண்ணை வெட்ட வேண்டும், எவ்வளவு மண்ணை நிரப்ப வேண்டும் என்ற கணக்கும் உடனே வந்துவிடுகிறது. அந்த இமைப்பொழுதுக்குப் பின்னால் ஏறத்தாழ 250 ஆண்டுக்கால உழைப்பு இருக்கிறது. அவ்வுழைப்பின் வரலாற்றை அறியாதவர், திரையில் தோன்றும் படத்தை மண் என்றே நம்பிவிடக் கூடும். அங்ஙனம் நம்பி நானும் ஒருமுறை இடறியதுண்டு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்து நாட்டின் நடுப்பகுதியில் ஷிஹாலியன் என்றொரு மலை தனித்து நிற்கிறது. அதன் உயரம் 1,083 மீட்டர். 1774ஆம் ஆண்டில் பிரிட்டனின் அரச வானியலாளராக விளங்கிய நெவில் மாஸ்கலின் அம்மலைச் சரிவில் சில மாதங்கள் தங்கினார். பூமியின் நிறையை அறிவது அவர் நோக்கம். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு நேர்கீழாகத் தொங்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆனால் பக்கத்தில் ஒரு பெருமலை இருக்குமாயின், அம்மலையும் தன் ஈர்ப்பினால் குண்டைச் சிறிதளவு தன்பால் இழுக்கும். அந்தச் சாய்வை விண்மீன்களின் துணைகொண்டு அளந்துவிட்டால், மலையின் ஈர்ப்பையும் பூமியின் ஈர்ப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாஸ்கலின் மலையின் தென்புறத்தில் ஒருமுறையும் வடபுறத்தில் ஒருமுறையும் நின்று அளந்தார். இரு சாய்வுகளையும் கூட்டியபோது கிடைத்தது ஒரு பாகையில் ஏறத்தாழ 310இல் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய அளவை அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு அவர் கண்டறிந்தது வியப்புக்குரியது.

ஆயினும் கணக்கில் பாதிதான் முடிந்தது. அந்த ஈர்ப்பைத் தந்த மலை எவ்வளவு பெரியது? அதனைத் தராசில் வைத்து நிறுக்க முடியுமா? அதன் வடிவத்தை அறிந்து, கன அளவைக் கணக்கிட்டால்தான் மேலே செல்லலாம். எனவே அளவையாளர்கள் மலை முழுவதும் ஏறி இறங்கினர். பல நூறு இடங்களின் உயரங்களைக் கண்டு குறித்தனர். அந்த எண்களைக் கொண்டு கணக்குப் பார்க்கும் பொறுப்பு சார்லஸ் ஹட்டன் என்பவரிடம் வந்து சேர்ந்தது. ஹட்டன் நியூகாசில் நகரத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தாமும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தம் முயற்சி ஒன்றினாலேயே கற்றுக் கணிதப் பேராசிரியராக உயர்ந்தவர்.

அவர் முன் இருந்த வரைபடத்தில் எங்கு நோக்கினும் எண்கள். ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் அருகியும் இறைந்து கிடந்த எண்கள். அவற்றை வைத்து மலையின் வடிவத்தை மனத்தில் கொள்வது எளிதாயில்லை. அப்போது அவர் ஒரு வழி கண்டார். ஒரே உயரம் உடைய இடங்களை மெல்லிய பென்சில் கோட்டினால் இணைத்துப் பார்த்தார். ஒரு கோடு, அதற்கு மேல் மற்றொரு கோடு, அதற்கும் மேல் இன்னொன்று என்று வரைந்து செல்லச் செல்ல, தாளின் மீது மலை எழுந்து நின்றது. கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்து. விலகிய இடம் மென்சரிவு. நாம் பள்ளிப் பூகோளத்தில் பயிலும் சமஉயரக் கோடு இதுவே. கடலின் ஆழத்தைக் காட்ட இத்தகைய கோடுகளைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிலிப் புவாஷ் என்பவர் முன்னரே வரைந்திருந்தார். எனினும் ஒரு மலையின் கன அளவைக் கணக்கிடும் கருவியாக அக்கோடுகளைக் கையாண்டவர் ஹட்டன்.

1778ஆம் ஆண்டில் ஹட்டன் தம் முடிவை வெளியிட்டார். பூமியின் சராசரி அடர்த்தி அம்மலையின் அடர்த்தியைப்போல் 5இல் 9 பங்கு, அதாவது 1.8 மடங்கு என்று கணக்கு வந்தது. மலைப்பாறை தண்ணீரைவிட 2½ மடங்கு அடர்த்தி உடையது என்று கொண்டால், பூமி தண்ணீரைவிட 4½ மடங்கு அடர்த்தி உடையதாகும். இன்று நாம் அறிந்த அளவு ஏறத்தாழ 5½ மடங்கு. ஒரு மலையையும் ஒரு தூக்குக்குண்டையும் பென்சில் கோடுகளையும் வைத்துக்கொண்டு, ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையில் பூமி முழுவதையும் எடை போட்டனர் எனில், புள்ளிகளிலிருந்து வடிவம் காணும் கலையின் ஆற்றல் விளங்கும்.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு மாணவ நண்பர்களை வேண்டுகிறேன். அளவையாளர்கள் அளந்தது புள்ளிகளை மட்டுமே. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் இருந்த நிலத்தை எவரும் அளக்கவில்லை. அவ்விடைவெளியை ஹட்டனின் பென்சில் நிரப்பியது. அளந்தது எது, ஊகித்தது எது என்ற வேறுபாடு அன்று தொட்டு இன்றுவரை இக்கலையோடு ஒட்டியே வருகிறது.

ஷிஹாலியனில் கணக்கு முடிந்து கால் நூற்றாண்டு சென்றபின், நம் சென்னையில் இதைவிடப் பெரியதொரு முயற்சி தொடங்கியது. சென்னையில் நில அளவையைக் கற்பிக்க 1794ஆம் ஆண்டிலேயே ஒரு பள்ளி நிறுவப்பட்டிருந்தது. கிண்டிப் பொறியியற் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்ற படை அலுவலர் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அளவுக்கு 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும். நீண்டால் அளவு பிழைபடும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானிகளை உடன் வைத்து, வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தம் செய்துகொண்டே அளந்தனர். அந்த ஒரு கோட்டின் மேல் ஒரு முக்கோணம், அம்முக்கோணத்தின் பக்கத்தின் மேல் மற்றொரு முக்கோணம் என்று வளர்ந்து, தென்னாடு முழுவதையும் கடந்து, பின்னாளில் இமயம்வரை அம்முக்கோண வலை பரந்தது.

லாம்டன் பயன்படுத்திய பெரிய தியோடலைட் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதனைக் கயிறு கட்டி ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. வேறொருவராயின் அத்தோடு வேலையைக் கைவிட்டிருப்பார். லாம்டன் பல வாரங்கள் அக்கருவியோடு அமர்ந்து, வளைந்த பகுதிகளைச் சிறிது சிறிதாக நேராக்கி, மீண்டும் அளவைக்குப் பயன்படச் செய்தார். இத்துணைப் பாடு எதற்காக? ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதை ஐயத்துக்கு இடமின்றி அறிவதற்காக. அடிப்படைப் புள்ளி பிழையானால், அதன்மேல் எழும் எந்த வரைபடமும் பிழையே.

லாம்டனின் முக்கோணங்கள் நாட்டின் எலும்புக்கூடு எனலாம். அதன்மேல் தசை வளர்த்தவர்கள் சமதளப் பலகையைச் சுமந்து சென்ற அளவையாளர்கள். முக்காலியின் மேல் பலகை, பலகையின் மேல் தாள், கையில் பென்சில். எதிரே மலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அளவையாளர் கோடு வரைவார். இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஓர் ஓடை பாய்ந்தால், அவர் கோடு அங்கே உள்வாங்கி வளையும். ஒரு பாறை முகடு குறுக்கிட்டால், கோடு அங்கே மடங்கும். அளக்காத இடத்தையும் அவர் கண் கண்டது. கண்டதைக் கை வரைந்தது. இந்த உதவி வரைபடத்தின் எந்த மூலையிலும் எழுதப்படவில்லை. ஆகையால் அது இல்லாமற் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

நிற்க. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சாலை போடும் பொறியாளர் எவ்வாறு மண்வேலையைக் கணக்கிட்டார் என்பதைப் பார்ப்போம். சாலை செல்லும் வழியில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை குறுக்கே அளந்து, நிலத்தின் குறுக்குவெட்டைத் தாளில் வரைவார்கள். அமைக்க வேண்டிய சாலையின் வடிவத்தை அதன்மேல் வரைவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கட்டம் எண்ணியோ, பிளானிமீட்டர் என்ற கருவியை ஓட்டியோ காண்பார்கள். அடுத்தடுத்த இரண்டு பரப்புகளின் சராசரியை இடைத்தூரத்தால் பெருக்கினால் மண்ணின் கன அளவு கிடைக்கும். பத்து மைல் சாலைக்கு ஆயிரக்கணக்கான பெருக்கல்கள். சாலையின் வழியைச் சற்று இடப்புறம் தள்ளினால் மண்வேலை குறையுமோ என்று எண்ணிப் பார்க்கவும் பொறியாளர் அஞ்சுவார். ஏனெனில் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட வேண்டும்.

1956ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் 41,000 மைல் நெடுஞ்சாலை அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வளவு சாலைக்கும் கையால் கணக்குப் போடுவது எங்ஙனம்? அக்காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் மில்லர் என்ற பேராசிரியருக்கு ஒரு கருத்துத் தோன்றியது. வரைபடத்தைக் கண்ணால் பார்த்துக் கணக்கிடுவானேன்? விமானத்திலிருந்து எடுத்த புகைப்படங்களிலிருந்து நிலத்தின் உயரங்களை எண்களாகவே எடுத்துக் கணிப்பொறிக்குத் தந்துவிட்டால் என்ன? நிலமே எண்களின் தொகுதியாக இயந்திரத்துக்குள் இருந்துவிட்டால், ஒரு வழிக்குப் பதில் பத்து வழிகளையும் சோதித்துப் பார்க்கலாம் அல்லவா? 1958ஆம் ஆண்டில் மில்லரும் அவர் உடன் உழைத்த லாஃபிளேமும் இக்கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் அதற்கு இட்ட பெயரைத் தமிழில் எண்ணியல் நில மாதிரி என்று கூறலாம்.

எண்கள் இயந்திரத்துக்குள் சென்றுவிட்டன. ஆனால் எண்களுக்கு இடையே உள்ள நிலத்தை இயந்திரம் எவ்வாறு அறியும்? அதற்குக் கண் இல்லையே! சதுரங்கப் பலகைபோல் நிலத்தைச் சமகட்டங்களாகப் பிரிப்பது ஒரு வழி. ஆனால் சமவெளியில் தேவையற்ற புள்ளிகள் மிகும். கரடுமுரடான இடத்தில் புள்ளிகள் போதாமற் போகும். 1970களில் கனடா நாட்டின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பாய்க்கரும் அவர் குழுவினரும் வேறு வழியை வளர்த்தனர். புள்ளிகள் எங்கெங்கு இருக்கின்றனவோ அங்கங்கே இருக்கட்டும். மூன்று மூன்று புள்ளிகளாக இணைத்து நிலம் முழுவதையும் முக்கோணங்களால் போர்த்திவிடலாம் என்றனர். மூன்று புள்ளிகளின் வழியே ஒரே ஒரு தளம்தான் செல்லும். ஆகையால் ஒவ்வொரு முக்கோணமும் ஐயமற்ற ஒரு சிறு சரிவு.

ஆனால் எந்த மூன்று புள்ளிகளை இணைப்பது? நூறு புள்ளிகளை எண்ணற்ற வகைகளில் முக்கோணமாக்கலாமே! இதற்குரிய விதியை ரஷ்ய நாட்டுக் கணித அறிஞர் போரிஸ் டெலோனே 1934ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் தொட்டுச் செல்லுமாறு ஒரு வட்டம் வரைக; அவ்வட்டத்துக்குள் வேறு புள்ளி எதுவும் இருத்தலாகாது. இவ்வளவே விதி. இவ்விதியைப் பின்பற்றினால் ஊசிபோல் நீண்ட முக்கோணங்கள் இயன்றவரை விலகும். அருகருகே உள்ள புள்ளிகள் ஒன்றோடொன்று இணையும். டெலோனே பெயர்பெற்ற மலையேற்ற வீரரும் ஆவார். கால்நடையாக மலைகளை அறிந்த ஒருவரின் விதியைக் கொண்டே இன்று கணிப்பொறிகள் மலைகளை வரைகின்றன என்பது எண்ணி மகிழத் தக்கது.

1982ஆம் ஆண்டில் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வெளிவந்தது. மேசைமேல் வைக்கும் சிறு கணிப்பொறியிலேயே அது இயங்கியதால், சிறிய அலுவலகங்களும் அதனை வாங்க முடிந்தது. நில அளவைக்கும் சாலை அமைப்புக்கும் உரிய பகுதிகளை வேறு நிறுவனங்கள் அதனோடு இணைத்தன. அவ்வழியில் வளர்ந்ததே இன்று கல்லூரிகளில் மாணவர் பயிலும் சிவில் 3டி என்ற மென்பொருள். களத்தில் டோட்டல் ஸ்டேஷன் கருவி எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரிசை எண், வடக்குத் தூரம், கிழக்குத் தூரம், உயரம், இன்ன இடம் என்ற குறிப்பு ஆகிய ஐந்தும் பதிவாகின்றன. இவற்றைப் பெற்ற மென்பொருள் டெலோனேயின் விதிப்படி முக்கோணங்களை அமைக்கிறது. பின்னர் ஹட்டனின் பென்சில் வேலையைச் செய்கிறது. 41.20 மீட்டர் உயரமுள்ள ஒரு புள்ளிக்கும் 42.80 மீட்டர் உயரமுள்ள மற்றொரு புள்ளிக்கும் இடையே 8 மீட்டர் தூரம் என்று கொள்வோம். 42 மீட்டர்க் கோடு சரியாக 4 மீட்டரில், நட்டநடுவில் கடக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. இடையில் சரிவு ஒரே சீராக இருக்கிறது என்பது அதன் நம்பிக்கை. அந்நம்பிக்கை மெய்யா பொய்யா என்பதை அது அறியாது.

இனி நான் இடறிய கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, பழைய ஏரி ஒன்றின் கரையை உயர்த்துவதற்கு எவ்வளவு மண் வேண்டும் என்று மதிப்பீடு செய்யும் பணியில் இருந்தேன். கரையின் அடி அகலம் 15 மீட்டர் இருக்கும். கரையின் உச்சியில் 40 மீட்டருக்கு ஒரு புள்ளியும், உட்புற அடியிலும் வெளிப்புற அடியிலும் அவற்றுக்கு நடுவே ஒவ்வொரு புள்ளியும் எடுத்திருந்தோம். புள்ளிகளைக் கணிப்பொறியில் இட்டேன். கணக்கு வந்தது. என் எதிர்பார்ப்பைவிட மண் மிக அதிகமாக வேண்டும் என்று காட்டிற்று. இயந்திரம் தவறு செய்யாது என்ற எண்ணத்தில் அதனையே எழுதவும் துணிந்தேன். அச்சமயம் திரையில் இருந்த படத்தை, அந்த ஏரியில் பல்லாண்டு பணிபுரிந்த முதிய லஸ்கர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “ஐயா, நம்ம கரையிலே எப்போ இத்தனை உடைப்பு விழுந்தது?” என்று கேட்டார்.

உற்று நோக்கினேன். அவர் சொன்னது உண்மை. படத்தில் கரை தொடர்ச்சியாக இல்லை. தனித்தனிக் குன்றுகளின் வரிசையாக இருந்தது. கரையின் உச்சிப் புள்ளிகள் 40 மீட்டர் விலகியிருந்தன; உள்ளடிப் புள்ளிக்கும் வெளியடிப் புள்ளிக்கும் 15 மீட்டரே இடைவெளி. அருகில் உள்ளவற்றை இணைப்பது விதியாதலால், இயந்திரம் கரையைக் குறுக்கே வெட்டி, ஏரியின் உட்புறத்தை வெளிப்புறத்தோடு இணைத்துவிட்டது. கரையே இல்லாத இடங்களை நிரப்புவதற்கும் சேர்த்து மண் கேட்டது. அதன்மேல் தவறில்லை. இது ஏரிக்கரை, இதன் உச்சி ஒரே தொடர் என்று நான் அதற்குச் சொல்லவில்லை. அவ்வாறு சொல்வதற்கு ஒரு வழி உண்டு. உச்சிப் புள்ளிகளைத் தொடுத்து ஒரு கோடு வரைந்து, இக்கோட்டை எந்த முக்கோணமும் கடக்கலாகாது என்று கட்டளையிட வேண்டும். பிரேக்லைன் என்று பொறியாளர் வழங்கும் கோடு அது. கரை உச்சி, கால்வாயின் விளிம்பு, சாலையின் ஓரம் என்று நிலம் எங்கெங்கு மடங்குகிறதோ அங்கெல்லாம் அது வேண்டும். நான் அக்கோட்டை வரைந்ததும் உடைப்புகள் மறைந்தன. மண்ணின் கணக்கும் நியாயமான அளவுக்கு வந்தது. இல்லையெனில் பொதுப்பணம் வீணாகியிருக்கும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் உயரப்பிழை நேர்ந்தாலே 1,000 கன மீட்டர் மண் கணக்கில் கூடவோ குறையவோ செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பிழை சிறிய வேலைகளில்தான் நேரும் என்று கருத வேண்டா. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ரைன் நதியின் மேல் லாஃபன்பர்க் என்னுமிடத்தில் ஒரு பாலம் கட்டினர். ஜெர்மனி வடகடலை ஒட்டியும், சுவிட்சர்லாந்து மத்தியதரைக் கடலை ஒட்டியும் கடல் மட்டத்தைக் கொள்கின்றன. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு. பொறியாளர்கள் இதனை நன்கு அறிந்தே இருந்தனர், திருத்தமும் செய்தனர். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்ததுபோல், திருத்தத்தின் குறி மாறிவிட்டது. இருபுறமும் 54 சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வோடு எழும்பி வருவது 2003ஆம் ஆண்டில் தெரிந்தது. பின்னர் அதனைச் சரிசெய்து பாலத்தை முடித்தனர். எண்கள் ஒவ்வொன்றும் நுட்பமானவை. எந்தக் கடலிலிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் பிழை.

இன்று விமானத்திலிருந்தும் சிறு டிரோன்களிலிருந்தும் ஒளிக்கதிரைப் பாய்ச்சிக் கோடிக்கணக்கான புள்ளிகளைச் சில மணி நேரத்தில் எடுக்கிறார்கள். புள்ளிகளின் இடைவெளி மிகக் குறைந்துவிட்டது. ஆயினும் அக்கதிர் பட்டது மண்ணா, புதரா, வீட்டுக் கூரையா என்று பிரித்தறியும் வேலை இன்னும் இருக்கிறது. இடைவெளி சுருங்கினாலும் அளந்ததற்கும் ஊகித்ததற்கும் உள்ள வேறுபாடு மறையவில்லை.

மாணவ நண்பர்களே, மென்பொருளை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அது கைவேலையாகப் பல மாதம் பிடித்த கணக்கைக் கணத்தில் முடித்துத் தருகிறது. அதனால் பொறியாளர் பல வழிகளை ஆராய்ந்து நல்லதைத் தேர முடிகிறது. ஆனால் அளவு எடுத்த நிலத்தில் ஒருமுறையேனும் நடந்து பாருங்கள். நீர் எங்கே தேங்கும், எங்கே வழியும் என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். பின்னர்த் திரையின் முன் அமர்ந்து, இந்தக் கோடு நான் கண்ட நிலமா என்று வினவுங்கள். அன்று அந்த லஸ்கர் கேட்ட கேள்வியை, யாரும் கேட்பதற்கு முன் நானே கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, எந்த மதிப்பீட்டிலும் கையொப்பம் இடுவதற்கு முன் அக்கேள்வியை நான் கேட்டுக்கொள்ளத் தவறுவதில்லை.